இடது முனை

குணாளன் வரவில்லை.
எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள்
காலையிலிருந்தே நகரவில்லையாம்.
ஆகவே பேனரின் இடது முனை
என் கைக்கு வந்தது.
"பத்து நிமிஷம் புடிங்க, கொறைஞ்சா போயிடுவீங்க?"
என்றாள் ரெஜினா,
ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருஷம்
கட்டு மாற்றியவள்.
புண்ணிடம் பேசுகிற அதே குரல்.

கல்மண்டபம் சிக்னல். மாலை ஐந்தரை.
துறைமுகப் பக்கமிருந்து காற்று, கொஞ்சம் மீன், கொஞ்சம் டீசல்.
சிவப்புத் துணியில் வெள்ளை எழுத்து.
என் கையில் 'போர்'.
அவள் கையில் 'வேண்டாம்'.

பச்சை விழுந்தும் நகராமல் ஓர் ஆட்டோக்காரன்:
"இன்னா மிலிட்டரி, நீயுமா?"
பதில் சொல்லவில்லை.
காவலில் நிற்பவன் பேசக் கூடாது.

பேசியிருந்தால் இதைச் சொல்லியிருப்பேன்:
தண்டையார்பேட்டையில் எங்கள் பிளாக்குக்கு ஒரு சங்கம் உண்டு.
மோட்டார் வாங்கப் பணம் போட்ட ஐந்து வீட்டுக்கு
எதையும் முடியாது என்று சொல்லும் உரிமை.
மூன்றாம் மாடிக்காரன் அடுத்தவன் குழாயை உடைத்தான்.
கூடினோம். கண்டித்தோம். நோட்டில் எழுதினோம்.
டீ செலவு நூற்று எண்பது.
குழாயை ஒட்டினது தெருமுனை பிளம்பர்.
உலகத்துக்கும் அப்படி ஒரு சங்கம் இருக்கிறது.
நோட்டு இன்னும் தடிமன்.

அந்தச் சங்கத்தின் நீலத் தொப்பியைப்
பதினோரு மாதம் தலையில் வைத்திருந்தேன்.
செம்மண் நாடு. பாலம் நாங்கள் போட்டது.
பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சந்தை.
ஓர் இரவு சந்தையில் நெருப்பு.
சுடலாமா என்று கேட்டோம்.
நாங்கள் கேட்டவர் தனக்கு மேலே கேட்டார்.
மேலே அன்று ஞாயிற்றுக்கிழமை.
திங்கள் காலை பதில் வந்தபோது
பாலத்தைத் தாண்டி வந்திருந்தது
ஓர் ஆடு மட்டும்.
நாயக் செங்கோடன் தொப்பியைக் கவிழ்த்து
அதற்குத் தண்ணீர் வைத்தான்.
நீலம் பெயர்ந்த இடமெல்லாம்
பழைய பச்சை.

எனக்குத் துப்பாக்கிமேல் கோபமில்லை.
அன்றிரவு தோளில் சும்மா தொங்கியதே,
அதன்மேல்தான்.

மெகாபோன் பையன் கத்துகிறான்,
சர்வதேச நீதிமன்றம் தலையிட வேண்டுமாம்.
எந்த ஸ்டேஷன் போலீசை அனுப்பும் அது, தம்பி?
நல்ல தொண்டை. நல்ல மனசாகவும் இருக்கலாம்.
ஒரு பக்கத்துக் குண்டுகளின் பெயர்கள் மட்டும்
அவனுக்கு மனப்பாடம்.

வீட்டில் இது பழைய சண்டை.
பூட்டில்லாத வீடு உண்டா என்பேன்.
பூட்டு யாரோட காலையும் எடுத்ததில்ல என்பாள்,
நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டே.
அதற்கு என்னிடம் நல்ல பதில் இருக்கிறது.
அது வரும்போது அவள் தூங்கியிருப்பாள்.

காற்று திரும்பியது. என் பக்கம் மடிந்தது.
திருவொற்றியூர் பஸ்ஸில் இருந்தவர்களுக்கு
'வேண்டாம்' மட்டும்தான் தெரிந்திருக்கும்.
ஜன்னலோரத்தில் ஒருவர்,
நாங்கள் எதையோ விற்கிறோம் என்று நினைத்து,
அவரும் வேண்டாம் என்று கையை ஆட்டினார்.
ரெஜினா சிரித்தாள்.
நான் சிரிக்கவில்லை.
எழுதியது எழுதியபடி தெரிய வேண்டும்,
எதிரி எழுதியதானாலும்.
முனையை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி
சாப்பர் பட்டாளத்து முடிச்சு ஒன்று போட்டு
இழுத்துப் பிடித்தேன்.
போர், நன்றாகத் தெரிந்தது.

பத்து நிமிஷம் ஐம்பதானபோது
வேர்க்க விறுவிறுக்கக் குணாளன் வந்தான்.
"குடுங்க சார், நீங்க போங்க."
ஆள் மாற்ற ஒரு முறை இருக்கிறது என்றேன்.
வருகிறவன் முதலில் தண்ணி குடிக்கணும்.

அவன் குடித்துக்கொண்டிருக்கிறான்.
முடிச்சை நான் இன்னும் தொடவில்லை.