நித்திரைப் பாணி

"நித்திரைக்கு ஒரு பாணி தாங்கோ" எண்டார்.
தனக்காக்கும் எண்டு
துண்டு கிடக்கோ எண்டு கேட்டன்.
தோளில கிடந்ததைத் திருப்பிக் காட்டினார்.
பத்து மாசம்.
மூக்கு ரெண்டும் அடைச்சு, வாயால மூச்சு.
கண் மட்டும் என்ர கண்ணாடி அலுமாரியில
மின்னுற போத்தல் எல்லாத்தையும்
ஒவ்வொண்டாத் தொட்டுக்கொண்டு.

ஏழு மணி பத்து.
கொழும்பு பஸ் ஏழரைக்கு.
"வழி முழுக்கக் கத்துவான் தங்கச்சி.
போனமுறை வவுனியா தாண்டுமட்டும்
மனுசி இவனோட நிண்டபடி.
சனம் பேசுது.
பக்கத்து வீட்டுக்காரர் குடுக்கிறவை,
அந்த மஞ்சள் பாணி,
தடிமனுக்கும் நல்லதாம், ஒரு மூடி."

மூண்டாம் தட்டு, இடப்பக்கம்.
பாக்காமல் கை போகும்.
ஒரு மூடி எண்டுதான் எல்லாரும் கேக்கினம்,
எந்தப் போத்தலின்ர மூடி எண்டு
ஒருத்தரும் சொல்லுறேல்லை.

"இல்லை" எண்டன்.
"முடிஞ்சுதோ?"
"இருக்கு. இவருக்கு இல்லை."

அவருக்கு விளங்கேல்லை.
எனக்கும் ஒருக்கா விளங்காமல் இருந்தது.

மிதுலனுக்கு அப்ப மூண்டு வயசு.
தடிமனுக்கு டொக்டர் தந்த போத்தல் ஒண்டு.
நுளம்பு கடிச்சுத் தடிச்சதுக்கு
மச்சாள் வாங்கி வந்தது இன்னொண்டு.
பெயர் வேற. நிறம் வேற.
ஒண்டு தோடம்பழ வாசம், மற்றது ஸ்ரோபெரி.
பின்பக்கத்தில எறும்பு எழுத்தில
ரெண்டிலயும் ஒரே சொல்:
குளோர்பெனிரமின்.
வாசிக்கத் தெரிஞ்சவள் நான்,
வாசிக்கிறதுக்குச் சம்பளம் வாங்கிறவள்.
வீட்டில வாசிக்கேல்லை.

பின்னேரம் நாலு மணிக்குப் படுத்தவன்
இருட்டியும் எழும்பேல்லை.
பெயர் சொல்லிக் கூப்பிட்டன்,
உள்ளங்காலைச் சுரண்டினன்,
கண்மடல் அரைவாசி திறந்து
என்னைக் காணாமலே மூடினது.

பெரியாஸ்பத்திரியில
அந்த மிஸ்ஸி காதுமடலைக் கிள்ளினபடி கேட்டா:
"எவ்வளவு குடுத்தனீங்கள்?"
"ஒரு கரண்டி."
"எந்தக் கரண்டி?"

அந்த இரவு அவ வேற ஒண்டும் கேக்கேல்லை.
விடியுமட்டும் வாங்கில இருந்து
அவன்ர நெஞ்சை எண்ணினன்.
நூறு வந்ததும் ஒண்டிலயிருந்து.
வெளிச்சம் வந்த கையோட
"அம்மா, தண்ணி" எண்டான்.

வீட்டுக்கு வந்து லாச்சியை இழுத்து
கரண்டிகளை மேசையில பரப்பி
மருந்து ஊசிக்குழாயால தண்ணி விட்டு அளந்தன்.
மூண்டு மில்லி. அஞ்சு. எட்டு.
பாயசக் கரண்டி பன்ரண்டு.
எல்லாத்துக்கும் பெயர் 'ஒரு கரண்டி'.

இதையெல்லாம் சொல்ல
ஏழரைப் பஸ் நேரம் விடாது.
உப்புத்தண்ணிச் சொட்டுமருந்தை எடுத்து வைச்சன்.
"மூக்கடைப்புக்குத்தான் கத்துறார்.
பால் குடிக்க முதல் ரெண்டு சொட்டு.
நித்திரை மருந்து நோயை மாத்தாது,
கத்துறதைத்தான் நிப்பாட்டும்.
சின்ன உடம்பில மூச்சையும் பிடிக்கும்.
நெஞ்சு உள்ள இழுபட்டாலோ
பாலை மறுத்தாலோ
கிளிநொச்சியில இறங்குங்கோ.
பஸ் காசைப் பாக்காதேங்கோ."

அவர் காசைத் தந்தார், மிச்சம் வாங்கேல்லை.
"உங்களுக்கென்ன, கதவைப் பூட்டிப் படுப்பியள்"
எண்டு சொன்ன மாதிரியும் இருந்தது,
சொல்லாத மாதிரியும் இருந்தது.
அங்கால ரெண்டு பாமசி திறந்து கிடக்கு.
முதல் கடை வாசலில
அவர் ஒருக்கா நிண்டதைக் கண்டன்.
பஸ் ஹோர்ன் அடிச்சது.
இடையில ஒரு லொறி வந்து மறைச்சது.

இப்ப ஆனையிறவு தாண்டியிருக்கும்.
கத்தட்டும் அவன்.
முன் சீற்றுக்காரர் திரும்பிப் பாக்கட்டும்,
கொண்டக்டர் லைற்றைப் போட்டு ஏசட்டும்,
ஒரு பஸ் சனமும் முழிச்சிருக்கட்டும்.

பத்து மணிக்குக் கடை பூட்டி வந்து
மிதுலன்ர காதைத் தொட்டுப் பாத்தன்.
இப்ப அவனுக்கு ஒன்பது வயசு.
"சும்மா படுங்கோவன் அம்மா" எண்டு
சினந்து மற்றப் பக்கம் திரும்பினான்.