கேக்கின் உச்சியில் இருந்தது

முகாமையாளரின் பிரியாவிடைக் கேக்கின் உச்சியில்
ஒரேயொரு பழம்.
காகிதச் சட்டையை மேலே தூக்கிக் கட்டிக்கொண்டு
செம்மஞ்சளாய் உட்கார்ந்திருந்தது.
எல்லோரும் கேக்கை வெட்டினார்கள்.
நான் பழத்தை டிஷ்யூவில் சுற்றிக்
கைப்பைக்குள் போட்டேன்.
பன்னிரண்டு வருடக் கணக்காளர் வேலையில்
என் முதற் களவு.

நூறாம் நம்பர் பஸ்ஸில் வெள்ளவத்தை வரைக்கும்
நசியாமல் மடியில் வைத்திருந்தேன்.
இரவு கோப்பைத் தண்ணீருக்குள் பிதுக்கினேன்.
இரண்டு நாள் புளித்தது.
மிதந்தவை பதர், தாண்டவை விதை.
தேத்தண்ணி வடியில் அலசி
வங்கிக்கூற்றின் முதுகில் காயப்போட்டேன்:
நூற்று நாற்பத்தாறு.
எண்ணாமல் இருக்க என்னால் முடியாது.

நாலாம் மாடிப் பல்கனி.
"பூச்சாடி வேண்டாம் பிள்ளை, கீழ்வீட்டுச் சுவர் ஊறும்"
டொரண்டோவிலிருந்து பஞ்சலிங்கம்
ஒப்பந்தத்திலேயே போட்டிருக்கிறார்.
யோகட் கப் பூச்சாடி ஆகாது
என்பது என் வாசிப்பு.

தும்புத்தூள் ஒரு கட்டி வாங்கினேன். போதவில்லை.
விடிய ஐந்தரைக்குக் கடற்கரை ரயில் பாதையடியில்
கறிக்கரண்டியால்
இரண்டு பை மண் சுரண்டினேன்.
முதற் தண்டவாளம் அதிர்ந்தபோது
கரண்டியை ஒளித்துக்கொண்டு
கடல் பார்க்க வந்தவள்போல் நின்றேன்.
அது இரண்டாவது.

பதினேழாம் நாள் ஒரு பச்சை நூல்.
பிறகு இன்னொன்று.
பிறகு ஒருமிக்க, வரிசை தெரியாமல்.
உப்புக்காற்றும் மே மாத மழையும்
தின்றது போக மிச்சம் ஏழு.
ஆறு, வெல்வெட் இலையோடு
இடுப்புவரை நிமிர்ந்தன.
ஒன்று குட்டை, அவசரக்காரி,
இரண்டு நாளைக்கொரு கிளை விட்டாள்.

கிளையை நாலு விரல் நீளத்தில் கிள்ளிக்
கீழிலை உரித்து
ஜாம் போத்தல் தண்ணீரில் நிற்கவைத்தால்
பத்தாம் நாள் கணுவில் வெள்ளை மயிர்.
ஒன்று இரண்டு, இரண்டு ஐந்து,
ஐந்து பன்னிரண்டு.
நான் பார்த்த ஏடுகளில்
எப்போதும் லாபம் காட்டியது
சமையலறை யன்னல் மட்டும்.

நெடியவை பூத்தன.
மஞ்சள் இதழின் அடியில் மைதொட்ட ஐந்து கறை.
பூத்தன, உதிர்ந்தன. பூத்தன, உதிர்ந்தன.
காம்பைச் சுண்டிப் பார்த்தேன்.
மின்விசிறியைத் திருப்பி வைத்தேன்.
அவற்றுக்குக் குளிர் வேண்டுமாம்.
இரவிலும் வியர்க்கிற ஊரில்
என்னிடம் இருந்த குளிர்
பிரிட்ஜில் மீனுக்குப் பக்கத்தில் இருந்தது.

குட்டையோ
வெளிறிய, கறையே இல்லாத பூவை
இலைக்குக் கீழே மறைத்துவைத்து
கேட்காமல் காய்த்தாள்.
பச்சை விளக்குகள், பதினொன்று.

வேர்விட்ட கிளை மூன்றைக்
காவலாளி சோமதாசவுக்குக் கொண்டுபோனேன்.
நுவரெலியாப் பழம், விலை தெரியுமா என்றேன்.
வாங்கினார், திருப்பினார், இலையைக் கசக்கி மூக்கில் பிடித்தார்.
"மிஸ், மே ஹீன் மொட்டு நே!
ரயில் றோட்டடியில இருக்கு, ஆடு சாப்பிடுறது."

மொட்டு.
அவருடைய மொழியில் ஒரு களையின் பெயர்.
என்னுடையதில்
இன்னும் விரியாத ஏதோ ஒன்று.
லிப்ட்டுக்குள் நின்று கூட்டிப் பார்த்தேன்:
பன்னிரண்டில் ஒன்பது அவளுடைய பிள்ளைகள்.
ஐந்து மாதம், மீன் கழுவிய தண்ணீர்,
தலையணைக்கு அருகே வைத்த அலாரம்.

பிடுங்கத்தான் போனேன்.
கை வைக்கமுன்
ஒரு விளக்கு தானாய்க் கழன்று சீமெந்தில் விழுந்தது.
உறை நரம்பு மட்டுமாய் உலர்ந்திருந்தது.
நெற்றியில் அடித்தேன், யாரும் பார்க்கவில்லை:
சொடக்.
உள்ளே கடலையளவு பழம்.
தக்காளி, கொஞ்சம் அன்னாசி,
கொஞ்சம் ரயில்.

மறுநாள் கணக்கறிக்கைக் கூட்டம்.
புதிய முகாமையாளர்
மூன்றாம் காலாண்டின் சேதாரத்தை விளக்கச் சொன்னார்.
வாய் திறக்கையில்
நாக்கு, கடைவாய்ப் பல்லிடுக்கில்
ஒரு விதையைக் கண்டுபிடித்தது.

துப்பவில்லை. விழுங்கவில்லை.
"ஒரு நிமிடம்" என்று
டிஷ்யூ தேடினேன்.