வெயில் பட்ட இடம்

சாட்ஸ்வொர்த், ஏழாம் யூனிட், எங்கள் கார் ஷெட்.
ஐஸ்கிரீம் டப்பா உடம்பு.
ஊறுகாய் பாட்டில் மூடிகள் சக்கரம்,
ஒன்று சற்றுப் பெரிது.

"கறுப்பை விட்டால் திரும்பு"
என்று எழுதினாள் நொல்வாஸி.
"எந்தப் பக்கம்?" என்றான் பிரெஷன்.
அதை எழுத மறந்திருந்தோம்.

மதியம் முழுக்க
தரையில் ஒட்டிய டேப்பின் மேல்
நல்ல பிள்ளையாய் வந்து
ஜன்னல் வெயில் விழும் இடத்தில் திகைத்து
தன்னையே சுற்றியது.
பதினொரு முறை.
பிரெஷன் நிரலைத் திட்டினான்,
நொல்வாஸி பிரெஷனை.
நான் வயர்களைப் பிடுங்கி
பழையபடியே செருகினேன்,
யாரிடமும் சொல்லவில்லை.

பீன்ஸ் கறியும் ரொட்டியும் தின்று திரும்பி
அதன் சுவிட்சைப் போட்டேன்.
தெருவே அணைந்தது.
இன்றைய மின்வெட்டு, ஐந்து நிமிடம் முன்னதாக.

இருட்டில் மோட்டார் சத்தம் மட்டும்.
கதவருகே,
துணி மெஷின் பக்கம்,
ஜன்னலடியில்,
நிற்காமல்
மறுபடி கதவருகே.

"வெயில் பட்டு அதுக்குக் கண்ணு கூசியிருக்கு"
என்றாள் டியாரா, ஐந்து வயது,
அதுவரை ஸ்க்ரூ பொறுக்கிக் கொடுத்தவள்.

டார்ச் எடுக்க எழுந்த என்னை
மூவரும் சட்டையைப் பிடித்து
உட்கார வைத்தார்கள்.