பச்சைன்னா பச்சை

எங்கம்மா பேரு வேண்டா.
நாலாவதும் பொண்ணாப் பொறந்ததால
அவங்க வீட்டுல வச்ச பேரு.
பள்ளிக்கூடத்துல சொன்னா பசங்க சிரிப்பாங்க.
அம்மாவும் கூடச் சேர்ந்து சிரிச்சிருக்கு.

ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில
இடது கால் மட்டும் தைக்கும் அம்மா.
வலது கால் அடுத்த மேசை.
சாயங்காலம் நைனாவோட ஷேர் ஆட்டோவில்
வரும்போது ரயில்வே கேட்டு மூடினா
எல்லாரும் திட்டுவாங்க.
அம்மா மட்டும் எறங்கிப் போய்
கம்பியைப் புடிச்சுகினு பெட்டி எண்ணும்.
அம்பத்தேழு, அம்பத்தெட்டு...
கடைசிப் பெட்டி போயும்
அந்தப் பக்கமே பாத்துகினு நிக்கும்.
நைனா ஹாரன் அடிப்பாரு.

ஐ.டி.ஐ. படிச்ச சர்ட்டிபிகேட்
கல்யாணப் பட்டுப்புடவை மடிப்புல இருந்துச்சு.
பரீட்சை மூணு தடவை எழுதிச்சு:
தம்பி வயித்துல இருக்கும்போது ஒண்ணு,
அவனுக்கு அம்மை போட்டிருந்தப்ப ஒண்ணு,
மூணாவது, யாருக்கும் சொல்லாம.

கடிதாசி வந்த அன்னிக்கு
நைனா தமிழ்ல மாத்தி உரக்கப் படிச்சாரு:
"வேண்டா உடனே வந்து சேர வேண்டும்."
இன்னொரு வாட்டி படிச்சாரு.
அப்பால ஆட்டோவைத் துடைக்கப் போயிட்டாரு.
காலையிலதான் துடைச்ச ஆட்டோ.

குண்டக்கல்லாம். தெலுங்கு பேசுற ஊராம்.
நான் ரெண்டு நாள் பேசல.
அம்மாவோட புதுச் செருப்புல ஒண்ணை
அரிசி டிரம்முல ஒளிச்சு வச்சேன்.
ஒத்தக் கால் செருப்போட
ஊருக்குப் போக முடியாதுல்ல?
அம்மா தேடுச்சு. என்னைப் பாத்துச்சு.
பழைய செருப்பைப் போட்டுகினு
போயிடுச்சு.

அப்புறம் நைனாதான் சடை பின்னுவாரு.
ஒண்ணு காதுக்கு மேல,
ஒண்ணு தோளுக்குக் கீழ.
டீச்சர் என்னம்மா இதுன்னாங்க.
காத்து டீச்சர்னு சொன்னேன்.
சோறாக்க அரிசி அள்ளும்போது
செருப்பு கையில சிக்கியிருக்கும் அவருக்கு.
ஒண்ணும் சொல்லல.
ஒரு பாலிதீன் பையில போட்டு
அங்கியே வச்சிட்டாரு.

கூட்ஸுக்கு நேரம் காலம் கிடையாது.
ரேணிகுண்டாவுல ஏறும்போது ஒரு மெசேஜ் வரும்.
அப்புறம் போனை அணைச்சிடணும், அது ரூல்.
நாங்க முழிச்சுகினு இருப்போம்.
சித்தூர் லைன் எங்க வீட்டுக்குப் பின்னாடிதான்.
நடுராத்திரிக்கு மேல,
கொய்யாத் தோப்பு வளைவுல,
பூ.......ம்.
தகரக் கதவு அதிரும்.
"அம்மாவா?" தம்பி கண்ணைத் தொறக்காமக் கேப்பான்.
"கூட்ஸ்டா."
கொஞ்ச நேரம் கழிச்சு,
"அம்மாவோட கூட்ஸ்."

லீவுல வந்தப்ப கேட்டேன்:
"எங்களுக்காகத்தானே ஊதுற?"
"இல்லம்மா. அங்க ஒரு மஞ்சப் பலகை இருக்கு.
அதைக் கண்டா ஊதணும்.
எருமைக்கு, கேட்டுக்கு,
தண்டவாளத்துல தலை வச்சுத் தூங்குற
குடிகாரனுக்கு, எல்லாருக்கும்தான்."
ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.
நான் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டேன்.

அம்மா இன்னும் ஓட்டல, தெரியுமா?
பக்கத்துல உக்காந்து
சிக்னல் பாத்துச் சொல்றதுதான் அம்மா வேலை.
பச்சைன்னு அம்மா சொன்னா
ஓட்டுறவரும் பச்சைன்னு சொல்லணும்.
ரெண்டு வாயும் சொன்னாத்தான்
ரெண்டு கண்ணும் பாத்ததா அர்த்தம்.
தம்பிக்குச் சோறு ஊட்டிகினே சொல்லிச்சு.
நான் கேக்காத மாதிரி கேட்டுகினு இருந்தேன்.

அன்னிக்கு ராத்திரி
தூக்கத்துல அம்மா பளிச்சுனு சொல்லிச்சு:
"பச்சை."

பதில் இல்ல. நைனா குறட்டை.
ஃபேன் கடகடன்னு சுத்துது.

"பச்சை!"
இந்த வாட்டி கொஞ்சம் பயந்த குரல்.
அம்மா கை பாயைத் தடவுது.

நான் கோவமாத்தான் இருந்தேன்.
ஆனா வண்டி நிக்குதே,
அம்பத்தெட்டுப் பெட்டியும்.

"பச்சை"ன்னேன்.

அம்மா ஒரு பெருமூச்சு விட்டுச்சு.
மூச்சு மெதுவா ஒரே சீரா ஓட ஆரம்பிச்சுது.

விடியுற வரைக்கும் நான் தூங்கல.
அடுத்த சிக்னல் வந்தா
யாராவது சொல்லணுமே.