உள்துணி

ஏப்ரல்தான் எனக்கு அறுவடை.
ராட்னர் மலைச்சரிவில் புல் தலைதூக்கியதும்
குதிரைகளின் குளிர்காலப் போர்வைகள்
என் கொட்டகைக்கு வந்து சேரும்,
டிராக்டரில், கார் டிக்கியில், ஒருமுறை குழந்தை வண்டியில்.
ஒவ்வொன்றிலும் ஐந்து மாதச் சேறு, சாணி,
வேல்ஸ் மழை.

எடுத்ததும் துவைக்க மாட்டேன்.
மேசையில் மல்லாத்தி உள்துணியைப் பார்ப்பேன்.

தோள் படும் இடத்தில் மயிர் அப்பியிருந்தால்
போர்வை பின்னால் வழிந்திருக்கிறது,
நடந்த ஒவ்வொரு அடிக்கும் தோலை அறுத்திருக்கிறது.
பிடரி முடியும் மேட்டில் துணி தேய்ந்து பளபளத்தால்
பாரம் முழுக்க அங்கேயே குந்தியிருந்தது.
துணி முறமுறவென்று விறைத்திருந்தால்
போன வருஷம் யாரோ சோப்பை அலசாமல் விட்டார்கள்.
(நானில்லை. நான் மூன்று தண்ணீர் அலசுவேன்.)

அன்று வந்தது நீலப் போர்வை.
சீட்டில் ப்ரோபர்ட், மேல்பண்ணை.
இடது தோளில் உள்ளங்கை அகலத்துக்குச்
செம்பட்டை மயிர். அதற்கடியில்
காய்ந்துபோன மஞ்சள் நீர், பொருக்குப் பொருக்காய்.
நெஞ்சு வார் மூன்றாம் துளையில்
மாட்டியபடியே இருந்தது.
யாரும் அப்படி அனுப்புவதில்லை.

ஃபோன் போட்டேன்.
"எவ்வளவு ஆகும்?" என்றார் கெத்தின்.
"கூலி கிடக்கட்டும். ஜின்னியைப் பார்த்தீர்களா?"
"தினம் ரெண்டு வேளை பார்க்கிறேனே."
"போர்வைக்கு உள்ளே?"
மறுமுனையில் கெட்டில் கொதித்து
தானே அணைவது கேட்டது.

போர்வையை வேனில் போட்டுக்கொண்டு
மேலே ஏறினேன்.
ஜின்னி மாற்றுப் போர்வையில் நின்றாள்;
இருட்டில் ஒன்றை உருவி
இன்னொன்றைச் சாத்தியிருக்கிறார்.
விலக்கினால், தோளில் மயிரே இல்லை.
இளஞ்சிவப்பு. ஈரம்.
ஈயொன்று எனக்கு முன்பே வந்திருந்தது.

கொதித்து ஆறிய தண்ணீர், உப்பு, பஞ்சு.
தேய்க்காதீர்கள், ஒற்றுங்கள்.
அழுத்தாமல். இன்னும் மெதுவாக.
தோல் மூடும்வரை மேலே எதுவும் வேண்டாம்.
நாலு நாளில் சீழ் வைத்தால் டாக்டர்.
"மழை வந்தால்?"
நனைவாள். நனைந்த குதிரையை
நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நெஞ்சு நடுவிலிருந்து வால் ஓரம்வரை டேப் பிடித்தேன்.
எழுபத்தைந்து அங்குலம்.
நீலப் போர்வையும் எழுபத்தைந்துதான்.
அளவில் குற்றமில்லை.
குளிரில் ஜின்னி இளைத்திருக்கிறாள்,
வார் இளைக்கவில்லை.
"ரெண்டு துளை இறுக்கியிருந்தாலே போதுமே, கெத்தின்."

அவர் லாய வாசலைப் பார்த்துச் சொன்னார்:
"அது ஃபிலிஸ் மாட்டினது."

நவம்பர் எட்டு, காலை.
மத்தியானம் ஆம்புலன்ஸ்.
அதற்குப் பிறகு ரெண்டே தடவை,
வாரைத் தொடாமல்
தலைவழியாக உருவித்
தலைவழியாகவே மாட்டியிருக்கிறார்,
பள்ளிக்கூடப் பையனுக்கு ஸ்வெட்டர் மாட்டுவதுபோல.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.
மாட்டியபடியே துவைத்தால்
மெஷின் வாரை அறுத்துவிடும் என்றேன்.
அது உண்மைதான்.
போர்வையை அவர் மடியில் வைத்தேன்.

தோல் இறுகி, பக்கிள் துருவேறி
வெகுநேரம் பிடித்தது.
நான் தள்ளிப் போய்
வாளியைக் கழுவினேன்.
கழுவிய வாளியை மறுபடி கழுவினேன்.
ஜின்னி குனிந்து அவர் தொப்பியை முகர்ந்தாள்.
டக்கென்று ஒரு சத்தம்.

தோள்பக்கம் வழுக்கும் துணி வைத்துத் தைத்துக் கொடுத்தேன்.
கை நுழையணும், முஷ்டி நுழையக் கூடாது என்றேன்.
தினமும் கழற்றுங்கள் என்று
ரெண்டு முறை சொன்னேன்.

இந்த ஏப்ரல்.
நீலம் வந்தது, வார் அவிழ்ந்து.
ஐந்தாம் துளை நன்றாகப் பழகியிருக்கிறது.
மூன்றாவதில் மட்டும் பழைய துரு வளையம்.
உள்துணியில் தூசி, வைக்கோல்,
ஒரு புதினா மிட்டாயின் காகிதம்.
இடது தோளில் நாலைந்து மயிர்,
வெள்ளை.
புண் ஆறிய இடத்தில் அப்படித்தான் முளைக்கும்.

மெஷினில் போட்டேன்.
மூன்று தண்ணீர்.