ஐந்துக்கு ஐந்து

கஸ்தூரியார் வீதியில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும்
நீக்கிலாப்பிள்ளையர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார்.
கண் பார்க்கிற அட்டை.
"இதே மாதிரித் தமிழில ஒண்டு அடிச்சுத் தா பிள்ளை.
எழுத்துக்கெண்டு காசு கேளாத,
சும்மா கிடக்கிறதாப் பாத்து எடு."

படத்தில் மேலே பெரிதாய் ஓர் ஈ. ஆங்கில ஈ.
குருநகர் ஐஸ் பக்டரியில் இருந்து வந்த ஒருவர்
அதை முள்ளுக்கரண்டி என்றாராம்.
அடுத்த வரிக்குத் தெரியேல்லை என்றாராம்.
தெரியாதது கண்ணுக்கோ படிப்புக்கோ என்று விளங்காமல்
இவர் இரண்டு தரம் வில்லை மாற்றினாராம்.

மூன்று இரவு தேடினேன்.
ஒன்று இலவசம், சொந்தப் பாவனைக்கு மட்டும்.
ஒன்று இலவசம், ஆனால் 'மாதிரி' என்ற சொல்
ஒவ்வோர் எழுத்தின் நெஞ்சிலும் குறுக்கே ஓடும்.
ஒன்றை இறக்கிய பிறகு கணினிக்கு இரண்டு நாள் காய்ச்சல்.
கடைசியில் அகப்பட்டது, அச்சொட்டாய் அதே முகவெட்டு,
ஒரு சதமும் இல்லை, யாரையும் கேட்கவும் தேவையில்லை.
திறந்தால் பத்தே பத்து எழுத்து.
பத்தும் ஆங்கிலம்.

யாழ்ப்பாணம் என்று அடித்தேன்.
பதினொரு வெறும் பெட்டி வந்தது,
அரவுக்கொரு பெட்டி, புள்ளிக்கொரு பெட்டி.

பிறகு மகனின் சதுரக்கோட்டுக் கொப்பியை எடுத்தேன்.
உயரம் ஐந்து கட்டம், அகலம் ஐந்து கட்டம்,
கோட்டின் தடிப்பு ஒரு கட்டம்.
வேறு வடிவு ஒன்றும் வேண்டாமாம்.
ணகரத்தை இருத்திப் பார்த்தேன், மூன்று சுழிக்கும் மூச்சு முட்டியது.
ழகரத்தின் வால் ஆறாவது கட்டத்துக்குள் எட்டிப் பார்த்தது.
ஐ பற்றிக் கேட்கவே வேண்டாம்.
ட வந்தது. ப கேட்காமலே வந்தது.
ம, ய, ர, ல, வ கொஞ்சம் சண்டை பிடித்து வந்தன.
ககரத்தில் ஒரு கோடு களவெடுத்தேன். கடவுள் பொறுக்க.

"சொல்லு வரப்படாது" என்றார் தொலைபேசியில்.
"சொல்லைக் கண் வாசியாது, மனம் வாசிச்சுப்போடும்."
எப்படிக் குலுக்கிப் போட்டாலும்
தமிழ் எங்கோ ஒரு சொல்லாய் ஒட்டிக்கொள்கிறது.
ம ர ம என்று விட்டால், படிக்கிறவரே புள்ளி வைப்பார்.
க ட ல எனக்குக் கடலை,
ஐஸ் பக்டரிக்காரருக்குக் கடல்.
எரிச்சலில் வரிக்கொரு ங போட்டேன்,
ககரத்துக்கு முன்னால் வராமல்.
அரிச்சுவடியை விட்டால் அந்தப் பாவத்துக்கு
முதல்முதல் கிடைத்த வேலை.

அடித்து, லமினேட் பண்ணி, சைக்கிளில் கொண்டுபோனேன்.
கடை பத்தடி நீளம். பார்க்க வேண்டிய தூரம் இருபதடி.
ஆகவே அட்டை கதிரைக்காரரின் தலைக்கு மேலே,
எதிர்ச் சுவரில் முகம் பார்க்கிற கண்ணாடி.
எழுத்து போய்த் திரும்பி வந்தால் இருபதடி.
"ஐயோ, சொல்ல மறந்துபோனன் பிள்ளை."
அனுப்பிய படமும் கண்ணாடிக்குள் எடுத்ததாம்.

திரும்பிப் போய் எல்லாவற்றையும் மறுபக்கம் புரட்டினேன்.
ட முதுகு காட்டியது. ல யாரோ அந்நியர்.
ம வேறெந்த நாட்டிலோ காசின் அடையாளம்போல நின்றது.
பகரம் மட்டும்
எந்தப் பக்கம் புரட்டினாலும் ப.
அதைத் தனியாக மேல்வரியில் வைத்தேன்.

இரண்டாம் தரம் கொழுவியபின்
"முதல் ஆளா நீ இரு" என்றார்.
வலக் கண்ணை மூடினேன்.
ஏழாம் வரி வரை தடக்காமல் சொன்னேன்.
எட்டாம் வரியையும் சொன்னேன்,
ட வ ங ய ர ப க.
அங்கே எனக்குத் தெரிந்தது
சாம்பல் நிறத்தில் ஒரு கீறல் மட்டும்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.
அட்டையைக் கழற்றினார்.
லாச்சியை இழுத்துப் பழையதை எடுத்துக் கொழுவினார்.
மேலே ஓர் ஈ.
"இப்ப சொல்லு" என்றார்.