திங்கள், புதன், சனி

கொக்குவிலில், நீர்ப்பம்பி திருத்தும் கடைக்கு மேல்
எங்கள் அறை.
சுவர் முழுக்க முட்டைத் தட்டு,
பேக்கரியில் கெஞ்சி வாங்கினது, நூற்றிப் பன்னிரண்டு.
வெக்கைக்கு இன்னும் மணக்கும்.
கஜீபன் கிற்றார். நான் பேஸ்,
பகலில் காப்புறுதி விற்பவள்.
ட்ரம்ஸ் நியூட்டன், குருநகர்.

அவனிடம்தான் முதலில் வந்தது அந்தப் பாட்டு.
சென்னையில் நாலு பெடியள்,
'ஈரச்சுவர்' என்று பெயர்,
கொம்பனி இல்லை, படம் இல்லை,
யாரோ ஒருவனின் படுக்கையறையில் பதிந்தது.
பாடுகிறவன் பாடவில்லை,
வாடகை கேட்டு வந்தவனுக்குச் சாட்டுச் சொல்வதுபோல
இழுத்து இழுத்துக் கதைக்கிறான்.
பின்னால் ட்ரம்ஸ் கதவை உடைக்கிறது.
தமிழில் இப்பிடியும் கத்தலாமோ, என்றான் கஜீபன்.
மூன்று மாதம் அதையே அடித்தோம்.
கீழே கடைக்கார அண்ணை
பம்பியை ஓடவிட்டு எங்களை அமத்தப் பார்த்தார்.
அந்த இரைச்சலும் பிறகு பாட்டுக்குள் வந்துவிட்டது.

மாசியில் அவர்களே வந்தார்கள்.
பலாலியில் இறங்கின சின்னப் பிளேனில்
கிற்றார்கள் வந்தன, ட்ரம்ஸ் வரவில்லை.
நியூட்டன் அன்றிரவு நித்திரை கொள்ளவில்லை.
தேசிக்காய் பாதி வெட்டி
சிம்பலை மினுக்கிக்கொண்டிருந்தான்.

கோண்டாவிலில் ஒரு கல்யாண மண்டபம்.
மறுநாள் முகூர்த்தம், அதனால்
மேடையில் இரண்டு ரெஜிபோம் அன்னங்கள்.
அரக்க விடமாட்டன் என்றார் முதலாளி.
அன்னங்களுக்கு நடுவில் அம்ப்.
நியூட்டனின் அப்பாவும் வந்திருந்தார்,
சேட்டை உள்ளே விட்டு, கடைசி வரிசையில்.
சனிக்கிழமைகளில் அவர் கடலுக்குப் போவதில்லை.
திங்கள், புதன், சனி
அக்கரை ரோலர்கள் வருகிற இரவுகள்.
விரித்த வலை விடியத் திரும்பாது.

சவுண்ட் பார்க்கும்போது
சென்னை ட்ரம்மர் கிக்கை இரண்டு தரம் மிதித்தான்.
மூன்றாம் தரம் காலை எடுத்துவிட்டுக் குனிந்தான்.
ஈர மணலில் தேங்காய் விழுகிற சத்தம்,
விழுந்த இடத்திலேயே செத்துப்போகிற சத்தம்.
முன்தோல் ஓட்டைக்குள் கையை விட்டான்.
'தலகாணி இல்லியா? என்ன ப்ரோ இது?'
வலை.
'என்ன வலை?'
கிழிஞ்ச வலை.
'செம சவுண்டு ப்ரோ.'

ட்யூன் பண்ணுகிற சாட்டில்
நியூட்டனின் வாயையே பார்த்து நின்றேன்.
சீட்டுக் காசில் வாங்கினது,
நாலு லட்சம், ஒரே இரவு,
இப்போது சொல்லப்போகிறான் என்று.
அவன், ஸ்டூலின் திருகாணி கொஞ்சம் இளக்கம்,
பாத்து இருங்கோ என்றான்.

இரவு அவர்கள் கடல் பாட்டை வாசித்தார்கள்.
கடலுக்கு வேலி இல்லையாம், அலைக்கு ஊர் இல்லையாம்.
முன்வரிசைப் பெடியள் கதிரையில் ஏறிவிட்டார்கள்.
நானும்தான் கத்தினேன், பொய் சொல்லக்கூடாது.
பாதியில் கரண்ட் போனது.
கிற்றார் செத்து, குரல் செத்து,
இருட்டுக்குள் கிக் மட்டும்,
ஒவ்வொரு மிதிக்கும் அந்த வலை மட்டும்.
வெளிச்சம் வந்தபோது திரும்பிப் பார்த்தேன்.
அப்பாவின் கால், செருப்பைக் கழற்றிய கால்,
தாளத்தில் இருந்தது.
உள்ளே இருப்பது என்னவென்று அவருக்குத் தெரியாது.
தெரிந்தும் இருக்கலாம்.

வைகாசியில் நியூட்டனுக்கு ஒரு செய்தி.
புதுப் பாட்டு பதிகிறார்களாம்,
போர்வை, தலையணை, பழைய ஜீன்ஸ்
எல்லாம் அடைந்து பார்த்தாயிற்றாம்,
அந்தச் சத்தம் வரவில்லையாம்.
'அந்த வலை எங்க கிடைக்கும் ப்ரோ?'

ஒரு பிளேன்ரீ ஆறும்வரை
எழுதினான், அழித்தான், எழுதினான்.
அனுப்பின பிறகுதான் காட்டினான்:

கடையில இல்லை.
உங்கட பக்கம் தடைக்காலம் முடியட்டும்.
ஒரு சனி இரவு எங்கட கடலுக்கு வாங்கோ,
வேண்டிய அளவு அள்ளலாம்.

இரண்டு டிக்கும் நீலமாகின.
கீழே பம்பி ஓடத் தொடங்கியது.
பதில் வருகிற வழியாய் இல்லை.
கஜீபன் கிற்றாரைக் கொழுவ முதலே
நியூட்டன் மிதித்தான்.